கோரைப் பள்ளத்துத் தண்ணீர்

கோடு போடுவதுதான் ஞானபூரணத்தின் வேலை. இன்ஜினியர் பென்சிலில் வரைந்து கொடுக்கும் படத்தின் மேல் மெழுகு பூசிய மெல்லிய துணியை விரித்து, கறுப்பு மையால் அப்படியே நகல் எடுக்க வேண்டும். ஆபீஸில் அவளை டிரேசரம்மா என்பார்கள். சங்கரன்கோவிலுக்கு மாற்றலாகி வந்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. சொந்த ஊர் மெய்ஞ்ஞானபுரம் பக்கம். வயது முப்பத்தாறு, கல்யாணம் ஆகவில்லை. அது ஆகாததைப் பற்றி அவளைவிட மற்றவர்கள்தான் அதிகம் யோசித்தார்கள்.

வேலை நேரத்தில் அவள் பாதி வேறெங்கோ இருப்பாள். ரோடு என்று இரண்டு கோடு இழுத்தால் அந்த ரோட்டில் ஒரு மாட்டுவண்டி ஆடி ஆடிப் போவது தெரியும். கிணறு என்று வட்டம் போட்டால் உள்ளிருந்து குளிர்ச்சி முகத்தில் அடிக்கும். ஓடைக்கு அலைக்கோடு போடும்போது சலசலப்புக் கேட்கும். கை தப்பாது, கோடு நேராகவே விழும். அதனால் யாருக்கும் அவள் அங்கே இல்லாதது தெரிந்ததில்லை.

கோரைப் பள்ளத்தின் படத்தையும் அவள்தான் நகல் எடுத்தாள். மேட்டுத் தெருவும் அதையொட்டிய இரண்டு தெருக்களும் சரிந்து இறங்கும் இடத்தில் அந்தப் பள்ளம் இருந்தது. மூன்று தெரு மழைத் தண்ணீரும் அதற்குள்தான் போய் விழும். ஒரு மாதம் நிற்கும். கொக்கு வரும், எருமைகள் வந்து கிடக்கும், பிறகு பூமிக்குள் போய்விடும். கோடையில் கோரை காய்ந்து கிடக்கும். நாற்றம், கொசு என்று மேட்டுத் தெருக்காரர்கள் வருஷக்கணக்கில் மனுக் கொடுத்தார்கள். கடைசியில் பள்ளத்தைச் சரள் கொட்டி மேடாக்கிப் பூங்கா அமைக்க உத்தரவு வந்தது. சுற்றிலும் மதில், மேட்டுத் தெருப் பக்கம் ஒரு இரும்புக் கேட், உள்ளே எட்டு சிமெண்ட் பெஞ்சு, அரளியும் பவழமல்லியும். பள்ளத்துக்குப் போய்க்கொண்டிருந்த மழைத் தண்ணீர் இனி மதிலோரமாகத் திரும்பிக் கீழே போகும் என்று இன்ஜினியர் ஒரு அம்புக்குறி போட்டிருந்தார். ஞானபூரணம் அந்த அம்புக்குறிக்கும் மை போட்டாள். அதோடு துணி முடிந்துவிட்டது.

பூங்கா வந்த பிறகு அவள் மேட்டுத் தெருவிலேயே ஒரு மாடி அறைக்குக் குடிவந்தாள். ஜன்னலைத் திறந்தால் பூங்காதான். காலையில் எழுந்ததும் முதலில் அதைப் பார்ப்பாள். தான் மை போட்ட கோடுகளெல்லாம் பச்சை பிடித்து வளர்ந்து நிற்பது அவளுக்கு ஏதோ வேண்டுதல் பலித்தது போல இருந்தது. முதல் வருஷ மழையின்போது அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஊருக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது எல்லாம் காய்ந்திருந்தது.

எழுபத்தொன்பதாம் வருஷம் ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்து சேலைகூட மாற்றியிருக்கமாட்டாள், மழை பிடித்துக்கொண்டது. காற்றே இல்லாமல், அவசரமே இல்லாமல் பெய்தது. ஜன்னலருகே நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். தெரு முழுக்க ஒரே செந்நிறத் தண்ணீர். அது மதிலில் வந்து முட்டி, ஒரு கணம் யோசிப்பது போல நின்று, இடது பக்கம் திரும்பி நடந்தது. பூங்காவிலிருந்து அரளிப் பூக்கள் மதிலைத் தாண்டி விழுந்து அதன் மேல் மிதந்து போயின. அவள் போட்ட அம்புக்குறி படுத்த நிலையிலிருந்து எழுந்து நடக்கத் தொடங்கியது போலிருந்தது.

குடையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். செருப்புப் போடவில்லை. தண்ணீர் போகிற வழியே அதன் கூடவே நடந்தாள். கணுக்கால் வரை வெதுவெதுப்பாக இருந்தது. மதில் முடிந்தது, ஒரு சந்து வந்தது, சந்தில் தண்ணீர் வேகம் பிடித்தது. பூக்கள் முன்னால் போக அவள் பின்னால் போனாள். எத்தனை நேரம் என்று தெரியாது. அவளுக்கு அந்த நேரத்தில் பேர்கூட இல்லாதது போலிருந்தது. சந்து முடிந்த இடத்தில் தறிக்காரத் தெரு இருந்தது. அந்தத் தெருவுக்கு அவள் அதற்கு முன் வந்ததே இல்லை.

தண்ணீர் அங்கே பல பிரிவாகப் பிரிந்து ஒவ்வொரு வாசலாக உள்ளே நுழைந்தது. கதவு திறந்திருந்த ஒரு வீட்டின் முன்னால் அவள் நின்றாள். உள்ளே ஒரே அறை. நடுவில் தறி. தறிக்குக் கீழே, நெய்கிறவர் காலைத் தொங்கவிட்டு மிதியை மிதிக்கும் குழி விளிம்பு வரை நிறைந்திருந்தது. அதன் மேல் அரளிப் பூக்கள் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தன. ஒரு பெண் குழியின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து ஈயச் சட்டியால் தண்ணீரை அள்ளி வெளியே ஊற்றிக்கொண்டிருந்தாள். அவளுடைய வீட்டுக்காரர் தறியில் ஏற்றியிருந்த பாவு நூல் நனைந்திருக்க, அதைச் சுருட்டி உத்திரத்தில் கட்டிக்கொண்டிருந்தார்.

அந்தப் பெண்ணின் பெயர் பிச்சம்மாள். வயது நாற்பத்தைந்துக்கு மேல் இருக்கும். வெள்ளைச் சேலையும் குடையுமாக நின்றவளைப் பார்த்து மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர் என்றுதான் அவள் நினைத்தாள். அதற்குப் பிறகு உண்மை தெரிந்தும் கடைசிவரை அப்படியே கூப்பிட்டாள்.

"டீச்சரம்மா, வழி தவறிட்டீங்களா?"

"இல்லக்கா. தண்ணி எங்க போவுதுன்னு பாத்துக்கிட்டே வந்தேன்."

"இங்கனதான் வருது" என்றாள் பிச்சம்மாள். ஒரு சட்டித் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் திரும்பவும் குனிந்தாள். "போன வருஷத்துலருந்து பூவும் வருது. அதுக்கு முந்தி மழைன்னா மழை மட்டுந்தான்."

ஞானபூரணத்துக்கு அப்போதுதான் காலில் சில்லென்று உறைத்தது. குடையை மடக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போய் இன்னொரு சட்டியை எடுத்தாள். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. மத்தியானம் வரை இருவரும் அள்ளினார்கள். அள்ள அள்ளக் குழி ஊறியது.

அள்ளிக்கொண்டே பிச்சம்மாள் சொன்னதிலிருந்து அவள் தெரிந்துகொண்டது இதுதான். அந்தத் தெருவில் ஐம்பத்திரண்டு தறி இருந்தது. முந்தைய வருஷம் பூங்கா மதில் எழும்பிய பிறகு பெய்த முதல் மழையிலேயே எல்லாக் குழியும் நிரம்பிவிட்டது. தண்ணீர் வடிந்தாலும் குழியின் ஈரம் ஒரு மாதம் போகாது. காலை வைத்தால் விரலிடுக்கு வெந்து புண்ணாகும். கஞ்சி போட்ட பாவு நனைந்தால் நூல் இற்றுப்போகும். ஆபீஸுக்குப் போய்ச் சொன்னார்கள், எழுதிக் கொடுங்கள் என்றார்கள், எழுதிக் கொடுத்தார்கள். பூங்காவுக்குள் போய்ப் பார்த்திருக்கிறீர்களா என்று ஞானபூரணம் கேட்டாள். கேட்டிருக்க வேண்டாம் என்று உடனே பட்டது. கேட் அந்தப் பக்கம் இருக்கிறதே, சுற்றிக்கொண்டு யார் போவது என்று பிச்சம்மாள் சொன்னாள். அவள் குரலில் கோபம் எதுவும் இல்லை.

மறுநாள் ஆபீஸில் ஞானபூரணம் அந்தப் படத்தை எடுத்து விரித்தாள். அம்புக்குறி துணியின் ஓரத்தில் எங்கோ வெளியே பார்த்தபடி கிடந்தது. இன்ஜினியர் ராஜதுரையிடம் எடுத்துப் போனாள். அவர் தூத்துக்குடிக்காரர், ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தது, கெட்டவர் இல்லை. எல்லாவற்றையும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அம்புக்குறி போடும்போது தண்ணீர் அந்தத் தெருவைத் தாண்டிக் கரிசல் காட்டுக்குப் போய்விடும் என்று நினைத்ததாகவும், போய் நின்று பார்க்கவில்லை என்றும் ஒப்புக்கொண்டார். ஆனால் இப்போது மதிலைத் தொடுவதென்றால் தீர்மானம் வேண்டும், பூங்காக் கமிட்டி சம்மதிக்க வேண்டும், திருநெல்வேலிக்கு எழுத வேண்டும். மழைக்காலம் போகட்டும், பார்க்கலாம் என்றார்.

"மழைக்காலம் போயிட்டா தண்ணிய எங்க சார் போய்ப் பாக்க?" என்று ஞானபூரணம் கேட்டாள்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தைச் சுருட்டி அவளிடம் நீட்டினார்.

அந்த வாரம் வியாழக்கிழமை மத்தியானம், வானம் மூடி ஆபீஸே மங்கிக் கிடந்தபோது, அவள் விரித்த துணியின் மேலேயே தலை சாய்த்துத் தூங்கிப்போனாள். கனவில் பூங்கா மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. பெஞ்சுகள், அரளிச் செடிகள், பூச்செடிக்குத் தண்ணீர் விடும் குழாய் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்க, தரை மட்டும் ஒரு பெரிய உள்ளங்கை குழிவது போலக் குழிந்தது. எல்லாத் திசையிலிருந்தும் தண்ணீர் வந்தது. நெடுந்தூரம் நடந்தவர்கள் உட்கார இடம் கிடைத்ததும் விடுகிற மூச்சு மாதிரி ஒரு சத்தம் கேட்டது. தண்ணீர் உட்கார்ந்தது. மேலே வானம் வந்து படுத்துக்கொண்டது. அவள் விழித்தபோது கன்னத்தில் மை ஒட்டியிருந்தது.

அன்று சாயங்காலமும் மறுநாளும் உட்கார்ந்து அதை வரைந்தாள். யாரும் கேட்காமல் அவள் வரைந்த முதல் படம் அதுதான். பூங்காவின் நடுப்பகுதியிலிருந்து சரளை எடுத்துவிட வேண்டும். ஓரம் சுற்றிலும் கரை. கரையின் மேல் பெஞ்சுகள். வடக்கு மூலையில் தண்ணீர் உள்ளே வர மதிலில் ஒரு திறப்பு. தெற்கே, தறிக்காரத் தெருவைப் பார்த்து இன்னொரு கேட். மழையில் ஒரு மாதம் தண்ணீர் நிற்கும், மற்றப் பதினோரு மாதமும் புல் இருக்கும்.

அதை எடுத்துக்கொண்டு பூங்காக் கமிட்டித் தலைவர் சங்கரசுப்புவின் வீட்டுக்குப் போனாள். ஓய்வு பெற்ற ஹெட்மாஸ்டர். அந்தப் பூங்காவுக்காக ஆறு வருஷம் நடையாய் நடந்தவர். மனைவி இறந்த பிறகு தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்குப் பவழமல்லிக்குப் பக்கத்துப் பெஞ்சில் வந்து உட்காருவார். அவளுக்குக் காப்பி கொடுக்கச் சொன்னார். படத்தை வெகுநேரம் பார்த்து, கோடு சுத்தமாக இருக்கிறது என்று பாராட்டினார்.

"ஆனா ஒண்ணு கேக்கேம்மா" என்றார். "அந்தப் பள்ளத்தால இருபது வருஷம் கொசுக்கடி பட்டிருக்கோம். எங்க வீட்டுக்காரிக்குக் காய்ச்சல் வந்தது அதுலதான். இப்பத்தான் ஜன்னலைத் தொறந்து வச்சுப் படுக்கோம். மறுபடியும் அதை இங்கன கொண்டாரச் சொல்லுதியா?"

அவர் சொன்னது பொய்யில்லை. காப்பியைக் குடித்துவிட்டுப் படத்தைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அதன்பின் பல நாள் தன் ஜன்னலைத் திறக்கவே அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

கார்த்திகை இரண்டாம் வாரம். விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். மேற்கே வாசுதேவநல்லூர் மலைப் பக்கம் வானம் கத்தரிப்பூ நிறத்தில் திரண்டு நின்றது. இன்னும் ஒரு மணி நேரத்தில் இங்கே பெய்யும் என்று தெரிந்தது. ஞானபூரணம் முகம் கழுவினாள், தலை வாரினாள், சேலையைச் சரியாக உடுத்தினாள். எல்லாவற்றையும் நிதானமாகச் செய்தாள். பிறகு தறிக்காரத் தெருவுக்கு நடந்துபோய் பிச்சம்மாள் வீட்டு வாசலில் நின்று, மதிலை எங்கே உடைத்தால் தண்ணீர் உள்ளே போகும் என்று தனக்குத் தெரியும் என்றாள்.

பிச்சம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உங்க வேலைக்கு மோசம் வராதா டீச்சரம்மா?"

"வரும்னுதான் நெனைக்கேன்."

பிச்சம்மாள் உள்ளே போய்க் கடப்பாரையோடு வந்தாள். தெருவில் வேறு யாரையும் அவள் கூப்பிடவில்லை. ஆனால் வடக்கு மூலைக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பின்னால் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள், பெரும்பாலும் பெண்கள்.

பழைய காலத்தில் தண்ணீர் பள்ளத்துக்குள் நுழைந்த வாய் அந்த மூலையில்தான் இருந்தது. அந்த ஐந்தடி அகலத்துக்கு மட்டும் மதிலுக்கு அஸ்திவாரம் கிடையாது, மண்சாந்தில் வைத்த செங்கல்தான். படத்தில் அதற்குத் தனிக் கோடு உண்டு. அவள் போட்ட கோடு. கையை வைத்துக் காட்டினாள். முதல் தூறல் விழுந்தது. பிச்சம்மாள் ஒரு செங்கல்லை நெம்பிவிட்டாள். ஞானபூரணம் அதை இரண்டு கையாலும் பற்றி இழுத்தாள். பல்லை எடுப்பது போல வந்தது. அதன்பின் எல்லோரும் கை வைத்தார்கள். யாரும் சத்தம் போடவில்லை. மழை தடித்தது.

சங்கரசுப்பு குடையோடு வந்து நின்றபோது இடுப்பு உயரம் வரை உடைந்திருந்தது. அவர் மற்றவர்களைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தார்.

"நீ ஆபீஸ்ல வேலை பாக்குத பொண்ணு. இது என்ன காரியம்னு தெரியுதா உனக்கு?"

"தெரியுது சார்" என்றாள். மழை முகத்தில் ஓடியது. "இது நம்ம மூணு தெருத் தண்ணி. எங்கயாவது ஒரு இடத்துல அது நின்னுதான் ஆகணும். நம்ம ஜன்னலுக்குக் கீழ நிக்கட்டும் சார். அவங்க வீட்டுக்குள்ள நிக்க வேண்டாம்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மேட்டுத் தெருவிலிருந்து வெள்ளம் வந்துவிட்டது. உடைப்பின் முன்னால் வந்து சற்றே தயங்கியது. பிறகு தன் பழைய வாசலைக் கண்டுகொண்டதுபோல உள்ளே புகுந்தது. மீதிச் செங்கல்லை அதுவே தள்ளிக்கொண்டது. எல்லோரும் விலகி நின்று பார்த்தார்கள். அவரும் நின்று பார்த்தார். அவருடைய குடை சாய்ந்து ஒரு தோள் முழுக்க நனைந்துகொண்டிருந்ததை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

மழை மத்தியானம் விட்டது. சரள் போட்ட இடம் என்பதால் தண்ணீர் ஆழமாக நிற்கவில்லை. மதில்களுக்கு நடுவே முழங்கால் அளவுக்குப் பரந்து கிடந்தது. பெஞ்சுகளின் முதுகுகள் மட்டும் வெளியே தெரிந்தன. அவற்றின் மேல் எங்கிருந்தோ நான்கு கொக்குகள் வந்து உட்கார்ந்திருந்தன. அரளிச் செடிகள் தலைகீழாகவும் பூத்திருந்தன. மேட்டுத் தெரு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. சிலர் திட்டினார்கள். சிலர் திட்டுவதற்கென்று வந்து, பேசாமல் பார்த்துக்கொண்டே நின்றார்கள். மேகம் தண்ணீருக்குள் நகர்ந்து போனது. அன்று தெருவில் யாரும் உரத்துப் பேசவில்லை என்று ஞானபூரணத்துக்கு ஞாபகம். அது உண்மையா, தனக்குத்தான் அப்படித் தோன்றியதா என்று பிற்பாடு அவளால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

மறுநாள் புதன்கிழமை காலையில் தறிக்காரத் தெருவில் தறி ஓடியது. அந்தச் சத்தம் மேட்டுத் தெருவரை கேட்டது.

அடுத்த வாரம் அவளிடம் விளக்கம் கேட்டு மெமோ வந்தது. மழையில் ஊறிய மதில் தானாக இடிந்து விழுந்தது என்று ராஜதுரை ஒரு ரிப்போர்ட் எழுதி அனுப்பியிருந்தார். அது தெரியாமல், நானே இடம் காட்டி இடித்தேன் என்று அவள் பதில் எழுதிவிட்டாள். இரண்டு காகிதமும் ஒரே ஃபைலில் போய்ச் சேர்ந்தன. மேலே இருந்தவர்களுக்கு எதை நம்புவது என்று குழப்பமாகி, அவளைக் கண்டித்து வாசுதேவநல்லூருக்கு மாற்றினார்கள். பங்குனிக்குள் போய்ச் சேர வேண்டும் என்று உத்தரவு. ராஜதுரை அவளைக் கூப்பிட்டு, ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கக் கூடாதா என்று வருத்தப்பட்டார். பிறகு, நீ வரைந்த அந்தப் படத்தைக் கொண்டா என்றார்.

ராஜதுரை அதைத் திருநெல்வேலிக்கு அனுப்பி உத்தரவு வாங்கினார். அவள் வரைந்தபடியே எல்லாம் நடக்கவில்லை. ஆழத்தைப் பாதியாகக் குறைத்தார்கள். இரண்டு பெஞ்சு போயிற்று. தையிலும் மாசியிலும் சரளை வெட்டி அள்ளினார்கள். தறிக்காரத் தெருவிலிருந்து வீட்டுக்கு ஒருவர் வந்தார்கள், மேட்டுத் தெருவிலிருந்து ஏழெட்டுப் பேர். கொசு வந்தது, அதை இல்லை என்று யாராலும் சொல்ல முடியவில்லை. குளத்து மீன்குஞ்சு விட்டால் குறையும் என்று யாரோ சொல்லி அடுத்த மழைக்கு விடுவதாக முடிவானது. தெற்குப் பக்கம் கேட் வந்தது. சங்கரசுப்பு கமிட்டியிலிருந்து விலகிக்கொண்டார். ஆனாலும் சாயங்காலம் ஐந்து மணிக்குக் கரையில் ஏறிப் புது இடத்தில் போட்ட அதே பெஞ்சில் உட்காருவார். ஞானபூரணம் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவர்கள் இருவரும் அதற்கப்புறம் பேசிக்கொள்ளவே இல்லை.

ஊரைவிட்டுப் போவதற்கு முந்தின நாள் மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில் அவள் பூங்காவுக்கு வந்து கரையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தாள். நடுப்பள்ளத்தில் இளம்புல் வந்திருந்தது. ஆள் நடமாட்டம் இல்லை. தெற்குக் கேட்டைத் திறந்துகொண்டு பிச்சம்மாள் உள்ளே வந்தாள். யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்தாள். பிறகு கரையில் ஏறி அவள் பக்கத்தில் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தாள்.

"இங்கன வந்து என்ன செய்வாங்க?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் செய்யமாட்டாங்கக்கா. சும்மா இருப்பாங்க."

பிச்சம்மாள் அதைக் கொஞ்ச நேரம் யோசித்தாள். மெல்லப் பின்னால் நகர்ந்து சாய்ந்தாள். காலைத் தரையிலிருந்து தூக்கி, பெஞ்சின் மேல் மடக்கி, சேலையால் மூடிக்கொண்டாள். வேப்பம்பூ வாசனை எங்கிருந்தோ வந்தது. இரண்டு மூன்று முறை கண்ணைத் திறந்து பார்த்தாள். நாலாவது முறை திறக்கவில்லை. தலை சரிந்து ஞானபூரணத்தின் தோளில் வந்து நின்றது.

ஆபீஸ் மணி இரண்டு அடித்தது. ஞானபூரணம் எழுந்திருக்கவில்லை.